ஓரகத்தியும் ரெண்டு கத்தியும்

ஓரகத்தின்னு யார் பேர் வச்சாங்களோ, அவங்க வாயில சக்கரை போடணும். வார்த்தைக்குள்ளயே ஒரு கத்தியைச் சொருகி வச்சிருக்காங்க பாருங்க. என் புருஷனோட அண்ணன் பொண்டாட்டிதான் எனக்கு ஓரகத்தி. ஒரே வீடு. கீழ நாங்க, மாடியில அவங்க. வேலையும் ஒண்ணுதான், பெரிய ஆஸ்பத்திரி சமையல்கூடத்துல காய் வெட்டுறது. பலகைகூட அடுத்தடுத்த பலகை. ஆறு வருஷமா நாங்க நேருக்கு நேர் ஒரு வார்த்தை பேசினதில்ல. அதுக்காக வாயை மூடிக்கிட்டு இருந்தோம்னு நெனச்சுடாதீங்க. அவ தண்ணிக் குடத்தைப் பாத்துச் சொல்லுவா, நான் தொடப்பத்தைப் பாத்துப் பதில் சொல்லுவேன். ஜாடைப் பேச்சுக்குப் பரிசு குடுத்தா எங்க வீட்டுல வைக்க இடம் பத்தாது.

சண்டைக்குக் காரணம் ஒரு ரிப்பன். அதைச் சொல்லணும்னா முதல்ல என் கையைப் பத்திச் சொல்லணும்.

நான் இடது கைக்காரி. சாப்பிடுற கைக்குச் சோத்தாங்கைன்னு மரியாதையா ஒரு பேரு. இந்தக் கைக்கு மட்டும் பீச்சாங்கைன்னு கக்கூஸ் பேரு. எங்கம்மா கரண்டிக் காம்பால அடிச்சு அடிச்சே, சாப்பிடுறது, குடுக்கிறது, வாங்குறது எல்லாத்தையும் எனக்கு வலது கைக்குப் பழக்கிட்டாங்க. இன்னைக்கும் எதிர்ல ஒருத்தர் ஒரு பொருளை நீட்டினா என் வலது கைதான் தானா முன்னால போகும். வேலைன்னு வந்துட்டா மட்டும் இடதுதான். அதை எந்தக் கரண்டியாலயும் மாத்த முடியல.

என் பொண்ணும் அப்படியே பொறந்தா. அவளுக்கு நாலு வயசு இருக்கும்போது ஒரு நாள், லீவுல இருந்த ஓரகத்திகிட்ட பிள்ளையை விட்டுட்டு வேலைக்குப் போயிட்டு வந்து மாடி ஏறிப் போறேன், பிள்ளை நோட்டை முன்னால வச்சுக்கிட்டு உக்காந்திருக்கு. அதோட இடது கையைப் பின்னால இழுத்து, தலையில கட்டியிருந்த ரிப்பனாலயே நாற்காலியோட கட்டி வச்சிருக்கா இந்த மகராசி. அழுது அழுது பிள்ளைக்குக் குரலே வரல. "என்னக்கா இது?"ன்னு கேட்டேன். "உன்னை மாதிரி ஆயிடக் கூடாதுன்னுதான்டி. அவ நல்லதுக்குத்தான்"னு சொன்னா. அன்னைக்குத்தான் கடைசியா அவளை அக்கான்னு கூப்பிட்டது.

சரி, கத்திக்கு வரேன்.

போன மாசம் சமையல்கூடத்துக்குப் புது கான்ட்ராக்டர் வந்தான். வந்ததும் வராததுமா, காய் வெட்ட எதுக்கு ஆறு பேரு, நாலு பேர் போதும், ரெண்டு பேர் பாத்திரம் கழுவுற தொட்டிக்குப் போகட்டும்னு சொல்லிட்டான். யார் இருக்கணும், யார் போகணும்னு முடிவு பண்ண ஒரு பரீட்சையாம். இனிமே அவங்கவங்க கத்தியை அவங்கவங்களே கொண்டுவரணுமாம். இருக்கிற பழைய கத்தி எல்லாம் கம்பெனி சொத்து, பழைய இரும்புக்குப் போகுதாம். பரீட்சை அடுத்த வாரமாம், அதுவரைக்கும் வெட்டின காய் வெளியிலேருந்து வருமாம், எங்களுக்கு உரிக்கிற வேலை மட்டும்தானாம். இதையெல்லாம் எங்களுக்கு வாசிச்சுக் காட்டினது சூப்பர்வைசர். அவனுக்கு நாங்க வச்ச பேரு விசில். வாயில எப்பவும் ஒரு விசிலைக் கவ்விக்கிட்டே திரிவான், பேசுறதுக்குக்கூட அதை எடுக்க மாட்டான்.

தொட்டிக்குப் போனா என்ன, அதுவும் வேலைதானேன்னு கேப்பீங்க. இந்த வேலைக்கு வந்த முதல் வருஷம் நான் தொட்டியிலதான் இருந்தேன். அந்தச் சோப்புத் தண்ணி என் கைக்கு ஆகல. விரல் இடுக்கெல்லாம் வெடிச்சு ரத்தம் கசியும். கையுறை போட்டா உள்ள வெந்து இன்னும் மோசமாகும். என் தலையைக்கூடப் பின்ன முடியாது, சோறு பிசைய முடியாது. இன்னொரு தடவை இப்படி வந்தா கை எதுக்கும் உதவாதுன்னு டாக்டரே சொல்லிட்டாரு. என் வீட்டுக்காரருக்கு முதுகெலும்பு நகந்து, நாலு வருஷமா கட்டிலும் அவருமாத்தான். எங்க வீட்டு அடுப்பு எரியுறது இந்தக் கையாலதான். தொட்டிக்குப் போன்னு சொன்னா, வீட்டுக்குப் போன்னு சொல்ற மாதிரிதான் எனக்கு.

ஆனா எனக்குப் பெருசா பயமில்ல. பதினோரு வருஷமா நான் பிடிச்ச கத்தி ஒண்ணு இருக்கு. ஆறு பேர்லயும் நான்தான் வேகம், அது ஊரறிஞ்ச விஷயம். வேலை முடிஞ்சதும் எல்லாரும் வீட்டுக்கு ஓடுவாங்க. நான் மட்டும் பத்து நிமிஷம் நின்னு, கல்லுல தண்ணி தெளிச்சு, என் கத்தியை நானே தீட்டி வச்சுட்டுத்தான் போவேன். பழைய இரும்புக்குப் போறதுக்குள்ள அதைக் கேட்டு வாங்கிடணும்னு மறுநாளே விசில்கிட்ட போனேன். சாக்கை அவுத்து விட்டான். நானும் கொட்டிக் கொட்டிப் பாத்தேன். முப்பது கத்தி இருந்தது. என்னோடது மட்டும் இல்ல.

"எங்க சார் போச்சு?"

"கத்திக்குக் கால் முளைச்சிருக்கும்"னு விசிலுக்குள்ளாலயே சிரிச்சான். எனக்கு வந்த கோபத்துக்கு அந்த விசிலை அப்படியே தொண்டைக்குள்ள தள்ளியிருப்பேன். இவன்தான் ஆட்டையைப் போட்டு வித்துட்டான்னு நெனச்சு, வயிறெரிஞ்சு நாலு சாபம் விட்டுட்டு வந்தேன். தெய்வம் அதை வேற விலாசத்துக்குக் கொண்டுபோய்ச் சேத்திருக்கு. அது அப்புறம்தான் தெரிஞ்சது.

பரீட்சைக்கு முந்தின நாள் சாயங்காலம் கத்திக் கடைக்குப் போனேன். கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால ஒரு சிடுமூஞ்சி உக்காந்திருந்தான். என் செருப்பைப் பாத்துட்டு, விலை குறைஞ்ச தட்டைத்தான் முதல்ல இழுத்தான். பளபளன்னு முகம் பாக்கலாம் போல ஒரு கத்தி எடுத்துக் காட்டினான்.

"முகம் பாக்க எங்க வீட்டுல கண்ணாடி இருக்கு. காய் வெட்டுறதுக்குக் குடுங்க"ன்னு சொன்னேன்.

அதுக்கப்புறம் அவனைப் பாடாப் படுத்தினேன். காயிதம் மாதிரி வளையுற இரும்பு வேண்டாம்னேன். ரொம்பக் கடினமான இரும்பும் வேண்டாம், கொஞ்சம் அழுத்தினா முனை சில்லு சில்லா உதிரும்னேன். அலகு பிடிக்குள்ள கடைசி வரைக்கும் போயிருக்கான்னு திருப்பிப் பாத்தேன். பாதியோட நின்ன கத்தி, அவசரத்துல கழண்டு கையோட வரும். பிடியில ஆணி மேடு தட்டுதான்னு விரலால தடவினேன். எட்டு மணி நேரம் பிடிச்சா அந்த மேடே கொப்புளம் ஆயிடும். விரல்ல எச்சியைத் தொட்டுப் பிடியை ஈரமாக்கி வழுக்குதான்னு பாத்தேன், அதுக்கு மூஞ்சியைச் சுளிச்சான். பிடியும் அலகும் சேர்ற இடத்தை ஒத்தை விரல் மேல வச்சு, எந்தப் பக்கம் சாயுதுன்னு பாத்தேன். அலகு தரையில நிக்கும்போது விரல் முட்டி பலகையில இடிக்குமான்னு கண்ணாடிப் பெட்டி மேலயே வச்சுப் பாத்தேன்.

"கத்தி வாங்க வந்தியா, மாப்பிள்ளை பாக்க வந்தியா?"ன்னு கேட்டான்.

"மாப்பிள்ளையை இப்படிப் பாத்திருந்தா நான் ஏன் இங்க வந்து நிக்கிறேன்?"

பக்கத்துல நின்ன ரெண்டு பேர் சிரிச்சுட்டாங்க. அவன் சிரிக்கல. ஆனா இவ விஷயம் தெரிஞ்சவதான்னு ஒரு மாதிரி பாத்துட்டு உள்ள போய் ரெண்டு அட்டைப்பெட்டி கொண்டுவந்தான். "நீ கேக்கிற வேகத்துக்கு இதுதான். ரெண்டு பக்கமும் தீட்டின கத்தி இல்ல. ஒரு பக்கம் தட்டை, ஒரு பக்கம்தான் சரிவு. காய்க்குள்ள இறங்குறதே தெரியாது"ன்னு சொல்லிட்டு, ஒரு பெட்டியைத் திறந்து, "பிடிச்சுப் பாரு"ன்னு பிடிப் பக்கத்தை என் முன்னால நீட்டினான்.

வாங்கினேன். தூக்கிப் பாத்தேன். கனம் சரியா இருந்தது. அவன் என் கையையே பாத்துக்கிட்டு இருந்தான். அப்புறம் ஒண்ணும் சொல்லாம ரெண்டாவது பெட்டியை, திறக்காமலே உள்ள வச்சுட்டான். விலை உயர்ந்ததை எனக்குக் காட்ட மாட்டேங்கிறான் போலன்னு ஒரு ஆத்திரம் வந்தது. போடான்னு நெனச்சுக்கிட்டு இதையே வாங்கிட்டு வந்துட்டேன். வீட்டுல ஒரு தக்காளி நறுக்கிப் பாத்தேன், வெண்ணெய் மாதிரி இறங்குச்சு. கூர் மழுங்கிடக் கூடாதுன்னு அதோட துணியில சுத்தி வச்சுட்டேன். அங்கதான் நான் மண்ணைக் கவ்வினேன். தக்காளியில கோணல் தெரியாது.

மறுநாள் காலையில ஆறு பலகையிலயும் ஆளுக்கு அஞ்சு கிலோ கேரட் கொட்டியிருந்தாங்க. அரை விரல் தடிமன்ல வில்லை வில்லையா வெட்டணும். இருபது நிமிஷம். முடிஞ்சதும் விசில் வருவான், ஒவ்வொருத்தர் தட்டுலயும் கையை விட்டு ஏதோ பத்து வில்லை எடுப்பான், ஒண்ணு மேல ஒண்ணு அடுக்குவான். நின்னா நீ இங்க. சாஞ்சா தொட்டிக்கு. இதுதான் பரீட்சை. யார் மூளையில உதிச்சதோ, ஆனா ஏமாத்த வழியே இல்ல.

என் வலது பக்கப் பலகையில மூத்தவ, அதான் என் ஓரகத்தி. பிடி முழுக்க நீல டேப் சுத்தின ஒரு கத்தியை முந்தானையிலேருந்து எடுத்தா. "சில பேருக்குப் புதுசு வேணும். இருக்கிறதை வச்சு வெட்டத் தெரிஞ்சவங்களுக்கு எதுக்குப் புதுசு?"ன்னு கேரட்டைப் பாத்துச் சொன்னா. "வெட்டும்போது தெரியும் யார் கை எப்படின்னு"ன்னு நானும் என் கேரட்டைப் பாத்துச் சொன்னேன்.

விசில் ஊதினான்.

மூணு கேரட் தாண்டல, எனக்கு வேர்த்துடுச்சு. நேராத்தான் இறக்குறேன், கத்தி நேரா இறங்க மாட்டேங்குது. பாதி வழியில வெளிப்பக்கமா ஓடுது. வில்லையோட மேல் பக்கம் தடிமனா, கீழ்ப் பக்கம் காயிதம் மாதிரி. ஒண்ணு கூட நிக்காது. அழுத்திப் பாத்தேன், மெதுவா வெட்டிப் பாத்தேன், மணிக்கட்டைத் திருப்பிப் பாத்தேன். ம்ஹும். பதினோரு வருஷம் வெட்டின கை, இன்னைக்குத்தான் கேரட்டையே பாக்கிற மாதிரி தடுமாறுது. தொட்டியில கொதிக்கிற சோப்பு வாடை மூக்குல ஏறுது.

கத்தியை வெட்டுற மாதிரியே பிடிச்சு, மேலேருந்து குனிஞ்சு பாத்தேன். சரிவு வலது பக்கம். தட்டை இடது பக்கம். வலது கையால வெட்டுறவளுக்குத் தீட்டினது! கடைக்காரன் என் கையையே பாத்தது அப்பத்தான் உறைச்சது. அவன் நீட்டினான், நான் எங்கம்மா பழக்கின புத்தியில வலது கையால வாங்கினேன். அவனும் அதைப் பாத்துட்டு, இடது கைப் பெட்டியை உள்ள வச்சுட்டான். அட பாவி, வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டா குறைஞ்சா போயிருப்பே? ஆனா அவனைத் திட்டி என்ன பிரயோஜனம். பொண்ணு கையைக் கட்டினதுக்காக ஆறு வருஷம் ஒருத்தியைப் பகைச்சவ, என் கையை நானே கட்டிக்கிட்டுக் கடைக்குப் போயிருக்கேன். எனக்கு என் மேலயே பத்திக்கிட்டு வந்தது.

அப்பத்தான் பக்கத்துப் பலகை கண்ணுல பட்டது. மூத்தவளும் ஒரு வில்லையைக் கையில வச்சுத் திருப்பித் திருப்பிப் பாத்துக்கிட்டு இருக்கா. மேல தடிமன். கீழ காயிதம். அவ பலகை பூரா அதே கோணல்.

அவ வலது கைக்காரி. வலது கைக்காரிக்கு இந்தக் கோணல் வரணும்னா, அந்தக் கத்தி இடது கைக்குத் தேஞ்சிருக்கணும். இந்தச் சமையல்கூடத்துல இடது கைக்காரி நான் ஒருத்திதான். பதினோரு வருஷம் கல்லுல ஒரு பக்கமாவே அழுத்தித் தீட்டினவளும் நான்தான்.

ரத்தம் தலைக்கு ஏறிடுச்சு. திருட்டுக் கழுதை! கத்திக் கூப்பாடு போட்டு ஊரைக் கூட்டியிருப்பேன், நாக்கு நுனி வரைக்கும் வந்துடுச்சு. ஆனா விசில் வந்தா என்ன செய்வான்? கம்பெனி சொத்துன்னு கத்தியைப் பிடுங்கிட்டுப் போவான். அவ போவா தொட்டிக்கு, அதைப் பாக்க எனக்கு ரெண்டு கண்ணு பத்தாது. ஆனா பக்கத்துத் தொட்டியில நானும்தானே நிப்பேன். நேரம் ஏழு நிமிஷம் போயிடுச்சு.

"அது என் கத்தி"ன்னேன். குடத்தைப் பாத்தோ கேரட்டைப் பாத்தோ இல்ல, அவ மூஞ்சியைப் பாத்து. ஆறு வருஷத்துல முதல் வார்த்தை.

அவ திடுக்கிட்டா. ஆனா வாய் அடங்குமா? "ஏன், பேர் எழுதியிருக்கா?"

"எழுதியிருக்கு. உங்க கேரட்டுல எழுதியிருக்கு, பாருங்க."

அவ தன் பலகையைப் பாத்தா. என் பலகையைப் பாத்தா. ரெண்டுலயும் ஒரே கோணல். அவ முட்டாள் இல்ல, முப்பது வருஷம் காய் வெட்டினவ. என் கத்தியோட சரிவு எந்தப் பக்கம்னு ஒரே பார்வையில பிடிச்சுட்டா. முகம் செத்துப் போச்சு.

"இப்ப என்னடி பண்ணச் சொல்ற?"

"குடுங்க இப்படி. இதைப் பிடிங்க."

விசில் நாலாவது பலகைகிட்ட முதுகைக் காட்டி நின்னான். அவ கத்தியை எனக்கும் அவளுக்கும் நடுவுல மேடையில வைக்கப் போனா. "கைக்குக் கை கத்தி குடுக்கக் கூடாது. சண்டை வரும்"னு முணுமுணுத்தா.

"ஆறு வருஷமா என்ன கொஞ்சிக்கிட்டா இருக்கோம்? இனிமே புதுசா என்ன சண்டை வரப்போகுது? கையில குடுங்க!"

சொல்லிட்டுக் கையை நீட்டினேன். இடது கையை. என் வாழ்க்கையில ஒருத்தர் முன்னால நானா நெனச்சு நீட்டினது அதுதான் முதல் தடவை.

அவளுக்கு அந்த நேரத்துலயும் அது பொறுக்கல. "பெரியவகிட்ட பீச்சாங்கையை நீட்டுற?"

"இது பீச்சாங்கை இல்ல. என் வீட்டுல மூணு உயிருக்குச் சோறு போடுற கை. இதுதான் எனக்குச் சோத்தாங்கை. குடுக்கிறீங்களா, இல்ல விசிலைக் கூப்பிடவா?"

குடுத்தா. என் உள்ளங்கையில, பிடிப் பக்கமா வச்சா. நீல டேப்புக்கு அடியில, பதினோரு வருஷம் கட்டைவிரல் அழுத்தின பள்ளம் அப்படியே இருந்தது. என் புதுக் கத்தி அவ கைக்குப் போச்சு.

அதுக்கப்புறம் ரெண்டு பேரும் தலையைத் தூக்கல. கோணல் வில்லையை எல்லாம் சூப்புப் பாத்திரத்துக்குத் தள்ளிட்டு வெட்டினோம் பாருங்க, பலகை அலறுச்சு. விசில் ஊதும்போது என் பலகையில மூணு கேரட் பாக்கி. அவ பலகையில அஞ்சு, நல்லவேளை அவன் அதைக் கண்டுக்கல. விசில் என் தட்டுல கையை விட்டு அளைஞ்சு பத்து வில்லை எடுத்தான். அடுக்கினான். எட்டாவது வைக்கும்போது கொஞ்சம் ஆடுச்சு. பத்தும் நின்னுச்சு. அவளோடதும் நின்னுச்சு. கடைசி ரெண்டு பலகைக்காரங்களோடது சாஞ்சது. பாவம், அவங்க அழுதுக்கிட்டே ஏப்ரனைக் கழட்டினாங்க. எனக்கு அவங்களைப் பாக்கத் தைரியம் வரல.

"நீங்க ரெண்டு பேரும் அடுத்தடுத்த பலகையிலயே நில்லுங்க. நல்ல ஜோடி"ன்னான் விசில். கண்ணு அவிஞ்ச பய.

சாயங்காலம் கைகழுவுற இடத்துல அவளும் வந்து நின்னா. என் புதுக் கத்தியைத் துடைச்சு, துணியில சுத்தி, தன் பைக்குள்ள வச்சுக்கிட்டா. என்னமோ சீதனமா வந்த மாதிரி. திருடினவளுக்குப் புதுசு, பறிகொடுத்தவளுக்குப் பழசு, நியாயம்னா இதுதான். மன்னிப்புன்னு ஒரு வார்த்தை கிடையாது. நானும் எதிர்பாக்கல. குழாயை மூடிட்டுக் கிளம்பப் போனேன்.

"நீதான் வேகம்னு எல்லாரும் சொல்றாங்க. கத்திதான் வேகம்னு நெனச்சு எடுத்துட்டேன்"னா. குடத்தைப் பாத்துச் சொல்லல, என்னைப் பாத்தே சொன்னா. "ஒரு வாரமா மாடியில தெனம் வெட்டிப் பாத்தேன்டி. எல்லாம் கோணல். கத்தி மேல சந்தேகமே வரல. என் கைதான் கெட்டுப் போச்சு, நான் ஒண்ணுக்கும் லாயக்கில்லாம ஆயிட்டேன்னு நெனச்சு, யாருக்கும் தெரியாம உக்காந்து அழுதேன். அது எப்படி இருக்கும்னு உனக்கு எங்க தெரியப்போகுது."

எனக்குத் தெரியாதாம்!

"உங்களுக்கு ஒரு வாரம்"னேன். "உங்களுக்கு அம்பது வயசு. நீங்க கையைக் கட்டி வச்சப்ப என் பொண்ணுக்கு நாலு வயசு."

அவ தண்ணி சொட்டிக்கிட்டு இருந்த தன் ரெண்டு கையையும் குனிஞ்சு பாத்துக்கிட்டே நின்னா. நான் என் கத்தியை இடது கையில எடுத்துக்கிட்டு வீட்டுக்கு வந்துட்டேன்.